வாரம் ஒரு நாள் வெளியே: புதிதாக ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓய்வு பெற்ற மறுநாள் காலை நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷப் பழக்கம். காபி குடித்தேன், பேப்பரை வரி விளம்பரம்வரை படித்தேன், மறுபடி காபி கேட்டேன். ஏழு மணிக்குச் சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டு, "இந்தக் கடுகு டப்பாவை அந்தப் பக்கம் வைத்தால் என்ன?" என்றேன். என் மனைவி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுத் திரும்பினாள். "எங்கேயாவது போய்ட்டு வாங்களேன்" என்றாள்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஐந்து வருஷமாக வாரத்தில் ஒரு நாள் திருச்சியிலிருந்து எங்காவது கிளம்பிப் போய், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறேன். காசி, பத்ரிநாத் என்று பெரிய யாத்திரை போனவர்கள் திரும்பி வந்து மாதக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு பெரிய பயணத்தைவிட வாரத்துக்கு ஒரு சின்னப் பயணம் மேல் என்பது என் கட்சி. அதை எப்படித் தொடங்குவது, எங்கெல்லாம் நான் உதை வாங்கினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் காகிதம்

ஊர் சுற்றக் கிளம்புவதற்கு முன்னால் ஓய்வூதிய வேலையை முடித்துவிடுங்கள். பாதி வழியில் "சான்று கொடுத்தோமா?" என்று நினைவு வந்தால் கோபுரம்கூடக் கண்ணில் படாது.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில், உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் ஆயுள் சான்று தர வேண்டும். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். வருங்கால வைப்பு நிதி வழியாக ஓய்வூதியம் வாங்குபவர்கள் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். மாநில அரசு என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை நேர்காணல். உங்களுக்கு எந்த மாதம் என்று கருவூலத்தில் கேட்டு, சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.

வயதாக ஆகக் கைரேகை தேய்ந்துபோகும். கருவி நம் விரலை ஏற்க மறுக்கும். பயப்பட வேண்டாம், முகத்தைக் காட்டியே கைபேசியில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு ஆயுள் சான்றை எடுத்துவிடலாம். அது கைவராவிட்டால் 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிந்து தருவார். "ஆயுள் சான்று புதுப்பிக்க ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் மட்டும் உடனே வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும்.

இதோடு காகித வேலை முடிந்தது.

கிழமையைக் கட்டிப்போடுங்கள்

"தோன்றும்போது போகலாம்" என்று வைத்துக்கொண்டால் ஒருநாளும் தோன்றாது. கிழமை ஒன்றை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். என்னுடையது வியாழன். இதற்குக் கணக்கு உண்டு. சனி, ஞாயிறு எங்கும் கூட்டம். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை பல அரசு அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், கோயில்களோ நிரம்பி வழியும். மிச்சம் மூன்று நாள். அதில் செவ்வாயன்று கிளம்பக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள், எதற்கு வம்பு.

கிழமை சரியாக இருந்தாலும் தினசரிக் காலண்டரில் ஒரு பார்வை பாருங்கள். முகூர்த்த நாளில் கும்பகோணம் பக்கமும் பௌர்ணமியன்று திருவண்ணாமலைப் பக்கமும் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

இன்னொரு விதி: ஒரு பக்கப் பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு அங்கே. மதியம் இரண்டு வரை சுற்றல். மாலை ஆறுக்கு வீடு. இந்த அளவுக்குள் வருகிற இடங்களைப் பார்த்து முடிக்கவே சில வருஷம் ஆகும்.

முதல் மாதம்: டவுன் பஸ் போதும்

எடுத்த எடுப்பில் வெளியூர் வேண்டாம். முதல் நாலு வாரம் உங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புங்கள். வேலைக்குப் போன காலத்தில் வீடு, அலுவலகம் என்ற ஒரே தடத்தில்தானே போய்வந்தோம்? மற்ற தடமெல்லாம் பெயர்ப்பலகையாகத்தான் தெரியும்.

நான் முதலில் ஏறியது சத்திரம் பேருந்து நிலையத்தில் கல்லணை பஸ். பிறந்ததிலிருந்து திருச்சியில் இருக்கிறேன், கல்லணையைக் கடைசியாகப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில். ஒரு யோசனை: காவிரியில் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துப் போங்கள். மேட்டூரை வழக்கமான ஜூன் 12இல் திறந்தால், மூன்று நாலு நாளில் கல்லணையிலும் மதகைத் தூக்குவார்கள். பாலத்தில் நின்று, வெள்ளையாக நுரைத்து ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வறுத்த மீன் சாப்பிட்டேன். சர்க்கரைக்காரன் எண்ணெய்ப் பண்டம் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள். ஒரு துண்டுதான்.

சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் மனைவி கூட வரும் நாள்களில் தன் இலவசச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சில்லறை தேடுவதை வேடிக்கை பார்ப்பாள். சென்னைவாசிகளுக்கு இன்னொரு வசதி உண்டு. 60 வயது ஆனவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறது. பணிமனையில் விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த நாலு வாரத்தில் உங்கள் உடம்பைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்துவிடும். எவ்வளவு தூரம் நடந்தால் முழங்கால் பேசத் தொடங்குகிறது, எத்தனை மணிக்குப் பசி மயக்கம் வருகிறது, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தரம் கழிவறை தேவைப்படுகிறது. மூன்றாவதுதான் முக்கியம்.

யாரும் பேசாத விஷயம்

அறுபதைத் தாண்டிய பலர் வெளியூர் போகத் தயங்குவதற்குக் காரணம் பணமோ முழங்காலோ கிடையாது, சிறுநீர்தான். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு "எனக்குப் பயணம் ஒத்துக்காது" என்று சொல்லிவிடுகிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். புதுக்கோட்டை பஸ்ஸில் ஒருமுறை கீரனூர் வருவதற்குள் வியர்த்துக் கொட்டி, நடத்துநரிடம் கெஞ்சி இறங்கினேன். நல்ல மனிதர், வண்டியை நிறுத்தித் திரும்பி வரும்வரை காத்திருந்தார். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

அதற்கப்புறம் செய்துகொண்ட ஏற்பாடுகள் இவை. இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக்கும். பயண நாளில் அதை எந்த நேரத்தில் போடுவது என்று மருத்துவரிடமே கேட்டேன், நேரத்தை மாற்றிக் கொடுத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காபி, டீயைப் போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரைக் குறைப்பதில்லை. வெயிலில் அது ஆபத்து. முடிந்தவரை ரயில். அதில் கழிவறை உண்டு என்ற நினைப்பே பாதி மருந்து. பஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே வண்டியில் உட்காருவதில்லை, நடுவில் இறங்கி அடுத்த வண்டி. பெட்ரோல் பங்க்கில் கேட்டால் பெரும்பாலும் சாவி தருவார்கள். சட்டைப்பையில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க் காசு எப்போதும் கிடக்கட்டும்.

பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். என் மனைவி வரும் நாளில் ரயில் நிலையக் காத்திருப்பு அறையும் பெரிய கோயிலும் இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

பை

தோளில் மாட்டும் சின்னப் பை. ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு வேளை மாத்திரை (ஒரு வேளைக்குக் கிளம்பினாலும் இரண்டு வேளை), சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் நாலு மிட்டாய், துண்டு, தொப்பி, ஆதார் நகல். மாத்திரைப் பெயர்களும் வீட்டு எண்ணும் எழுதிய ஒரு அட்டை. எலுமிச்சை சாதமோ புளிசாதமோ கட்டிக்கொண்டால் ஹோட்டல் தேடும் வேலை மிச்சம். குடையை ஊன்றுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம், கைத்தடி பிடிக்க வெட்கப்படுபவர்களுக்கு இது சௌகரியம்.

அப்புறம் ஒரு ஜோடி தடித்த காலுறை. ஏன் என்று அடுத்த பகுதியில்.

ஒரு நாளைக்கு ஓர் இடம்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் வருஷம் மார்ச் மாதம், ஒரே வியாழனில் சித்தன்னவாசலையும் நார்த்தாமலையையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில்தான் தெரியும். சித்தன்னவாசல் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் பாதையில் இருக்கிறது. நார்த்தாமலையோ திருச்சி புதுக்கோட்டைச் சாலையில், கீரனூர் தாண்டிப் பிரிந்து உள்ளே போக வேண்டும். நடுவில் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

சித்தன்னவாசல் காலையிலேயே நன்றாக முடிந்தது. மலையின் மேல் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்காகப் பாறையைத் தேய்த்துப் படுக்கை செய்திருக்கிறார்கள். தலைமாட்டில் கல்லிலேயே தலையணைபோல் மேடு. பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ்ப் பிராமி எழுத்து, இரண்டாயிரம் வருஷப் பழசு. போகும் வழியில் ஒரு பக்கம் சரிவு. கம்பி பிடித்து நடக்கலாம், தலைசுற்றல் உள்ளவர்கள் இதைத் தவிர்த்துக் கீழே அறிவர் கோயில் என்ற குடைவரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறது. மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். நிறைய உதிர்ந்துவிட்டது, கண் பழகப் பத்து நிமிஷம் வேண்டும். உள்ளறையில் நின்று மெதுவாக 'ம்ம்' என்று இழுத்தேன். சுற்றுச்சுவர் எல்லாம் சேர்ந்து முனகியது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தம்பூரா மீட்டுவதுபோல.

அந்தச் சந்தோஷத்தில் நார்த்தாமலைக்கும் போனேன். மேலமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டரை. விஜயாலய சோழீச்சரத்துக்குப் பாறைச் சரிவில்தான் ஏற வேண்டும், நிழலே இல்லை. எப்படியோ ஏறினேன். கோயில் வளாகத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று அடி வைத்தேன். நாலாவது அடி வைக்க முடியவில்லை. தோசைக்கல். திரும்பி ஓடலாம் என்றால் அதே மூன்று அடி. துண்டைக் கீழே போட்டு அதன்மேல் நின்றேன், அப்புறம் துண்டை இழுத்துப் போட்டு இன்னும் ஓர் எட்டு. இப்படி ஒரு அறுபது வயதுக் குழந்தை நிழலைப் போய்ச் சேர்ந்தது. வட்டமான கருவறை, மேற்குப் பார்த்த வாசல், எதிர்ப்பாறைக் குடைவரையில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு திருமால்கள் எதையும் அன்று சரியாகப் பார்க்கவில்லை. உள்ளங்காலில் கொப்புளம், ஒரு வாரம் வீட்டில். கடுகு டப்பா நிலைமை மறுபடி.

அடுத்த டிசம்பரில் காலை ஏழரைக்கே நார்த்தாமலையில் இருந்தேன், காலுறையோடு. பாறை ஜில்லென்று இருந்தது. பன்னிரண்டு திருமாலையும் எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே, கல் உள்ள இடமெல்லாம் காலையில். வெயில் காலத்தில் கடலோரம், அருங்காட்சியகம், நூலகம். மதியம் பன்னிரண்டு முதல் நாலு வரை பெரும்பாலான கோயில்கள் நடை சாத்தியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ரயில் தடம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அடுத்த கட்டம் இது. உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் ஒரு பாசஞ்சர் தடத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒரு ஸ்டேஷனாக இறங்கிப் பாருங்கள். எனக்கு வாய்த்தது திருச்சி மயிலாடுதுறைத் தடம். தஞ்சாவூரில் ஒரு வாரம், தாராசுரத்தில் ஒரு வாரம். தாராசுரத்தில் சிறிய ஸ்டேஷன் இருக்கிறது, விரைவு வண்டியை நம்பாமல் பாசஞ்சரில் போனால் அங்கேயே இறங்கலாம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் கைப்பிடி உயரத்துக்கு நாயன்மார் கதைகள் செதுக்கியிருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

தடத்தின் கடைசியில் மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ்ஸில் தரங்கம்பாடி. நான் விதித்த மூன்று மணி நேரத்தை இது கொஞ்சம் மீறும், பரவாயில்லை. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இந்தச் சின்ன ஊரில்தான். எனக்குப் பிடித்தது கோட்டையைவிட அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மாலை நாலு மணிக் காற்றில் கல்மேல் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டேன், ஒரு நாய் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தது.

டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க முடியாதவர்கள் ரயில்ஒன் செயலியில் முன்பதிவில்லாச் சீட்டு எடுக்கலாம். முதல் தடவை பேரன் பேத்தியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டாவது தடவை நீங்களே தட்டுங்கள். திருச்சிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: பஞ்சப்பூர் முனையம் வந்தபிறகு எந்த பஸ் எங்கிருந்து கிளம்புகிறது என்று முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

கூட யார்?

நண்பர்களைக் கூப்பிடலாம், ஆனால் நாலு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் வந்தால் வேன் பேசலாம் என்பார், ஆறாவது ஆள் சாப்பாடு எங்கே என்பார், கடைசியில் ஒரு கல்யாண கோஷ்டிபோல ஆகிவிடும்.

நான் பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன். ஆரம்பத்தில் மனைவியையும் வாராவாரம் வற்புறுத்தினேன். ஒருநாள் சொன்னாள், "உங்களுக்கு ரிட்டையர்மெண்ட் கொடுத்தாங்க, எனக்கு யாரு கொடுத்தா? வியாழக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு." அன்று அவள் பதினோரு மணிவரை சமைப்பதில்லையாம். பக்கத்து வீட்டு அக்காவோடு கோயிலுக்குப் போகிறாளாம், மதியம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாளாம். ஐந்து மாதமாக எனக்குத் தெரியாது. இப்போது மாதம் ஒரு வியாழன் இருவரும், மற்ற மூன்று நான் மட்டும்.

தனியாகப் போகும்போது எந்த ஊர், எந்த வண்டி என்று காலண்டர்த் தாளின் பின்னால் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவேன். சேர்ந்ததும் ஒரு போன், கிளம்பும்போது ஒரு போன். 108 எல்லாருக்கும் தெரியும். முதியோர் உதவி எண் 14567, ரயிலில் எதுவானாலும் 139. இரண்டையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக: ஒரு நாளுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் எனக்கு முடிந்துவிடுகிறது. ஓய்வூதியம் வரும் கணக்கைக் கைபேசிப் பணப் பரிமாற்றத்தோடு இணைக்காதீர்கள். இன்னொரு கணக்கில் இரண்டாயிரம் போட்டு அதை மட்டும் இணையுங்கள். தொலைந்தால் அதோடு போகும்.

வெளியே தங்கும் முதல் இரவு

ஒரு வருஷம் இப்படிச் சுற்றிய பிறகு ஓர் இரவு வெளியே தங்கிப் பாருங்கள். அதற்கு என் சிபாரிசு நீலகிரி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். காலை 7.10க்குக் கிளம்புவதால் முந்தின இரவே மேட்டுப்பாளையம் போய்ப் படுத்துவிட வேண்டும். இடம் கொஞ்சம்தான். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், அன்று காலையே போட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மண் சரிந்து வண்டி ரத்தாவது சகஜம், ஜனவரி பிப்ரவரி நல்லது.

கோவை வரைக்கும் இரவு ரயில் என்றால் கீழ்ப் படுக்கை வேண்டுமல்லவா? முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் போனது இன்னும் திரும்பவில்லை. ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. தனியாகவோ இருவராகவோ பதிந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் கேட்க முடியும். மகன், மருமகள், பேரன் என்று எல்லாரையும் ஒரே சீட்டில் சேர்த்தால் மேல் படுக்கை வந்து, ஏணியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

மலை ரயில் பெட்டியில் கழிவறை கிடையாது. வழியில் நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள், அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். சென்ற வருஷம் ஹில்குரோவில் அப்படி இறங்கிவிட்டு வந்தபோது, என் இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தாள் என் மனைவி. "ஜன்னல் சீட் இப்ப என் முறை" என்றாள். குன்னூர் வரை நான் அவள் தோளுக்கு மேல் எட்டித்தான் மலையைப் பார்த்தேன்.